‘ஏர்பால்’ என்று கத்தினால் குற்றமா?

2015 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சற்று முன்பு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் தன் உறுப்புப் பள்ளிகளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. எதிரணியையும் அதன் ஆதரவாளர்களையும் இழிவுபடுத்தும் நோக்கோடு மாணவர் கூட்டம் எழுப்பும் கோஷங்கள் கண்கூடாக அதிகரித்துவிட்டன, பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதோடு நிறுத்தியிருந்தால் அந்த மின்னஞ்சலை இன்று யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். சங்கம் எடுத்துக்காட்டுகளையும் சேர்த்தது. எறிந்த பந்து வளையத்தையும் வலையையும் தொடாமல் வெறுங்காற்றில் போய் விழும்போது கூட்டம் இழுத்துப் பாடும் ‘ஏர்பால்’ அதில் இருந்தது. பந்தைக் கையாளத் தடுமாறும் அணிக்கு அடிப்படையே தெரியவில்லை என்று குத்திக்காட்டும் ‘ஃபண்டமென்டல்ஸ்’ இருந்தது. ‘அங்கே ஒரு வலை இருக்கிறது’, கோல் விட்ட ஐஸ் ஹாக்கி கோல்கீப்பரைப் பார்த்துச் சொல்லும் ‘சல்லடை’, ‘அப்படிச் செய்யக் கூடாது’, எதிர்க்கூட்டத்தைச் சீண்டும் ‘உங்கள் சத்தம் கேட்கவில்லை’, முன்னிலையில் இருப்பவர்கள் கத்தும் ‘ஸ்கோர்போர்டு’, தொடரிலிருந்து வெளியேறப்போகும் அணியை நோக்கிய ‘சீசன் முடிந்தது’ ஆகியவையும் இருந்தன.

ஜனவரியில் விவகாரம் வெடித்தது. ஒரு சிற்றூர்ப் பள்ளியின் விளையாட்டு வீராங்கனை ட்விட்டரில் சங்கத்தைத் திட்டி மூன்றே சொற்கள் எழுதினார். அதில் ஒன்று வசைச்சொல். அந்தப் பதிவு சங்கத்தின் கண்ணில் பட்டது; சங்கத்திலிருந்து பள்ளிக்குத் தகவல் போனது; பள்ளி அவரை ஐந்து ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்தது. செய்தி நாடெங்கும் பரவியது. ஈஎஸ்பிஎன் விமர்சகர் ஜே பிலாஸ் போன்றவர்கள் சங்கத்தைக் கிண்டலடித்துத் தீர்த்தார்கள். புதிதாக எந்தத் தடையும் விதிக்கவில்லை, ஏற்கெனவே உள்ள வழிகாட்டுதலைத்தான் நினைவூட்டினோம் என்று சங்கம் விளக்கம் தர வேண்டியதாயிற்று.

சிரிப்போடு அந்த விவாதம் முடிந்துபோனது பெரிய இழப்பு. பள்ளி விளையாட்டரங்கில் மாணவர்கள் எப்படிக் கத்தலாம், யார் அவர்களை நிறுத்தலாம், எந்த அளவில் தண்டிக்கலாம் என்பவை சிரித்துக் கடக்க வேண்டிய கேள்விகள் அல்ல. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குப் போட்டியையும் பகையையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் மிகச் சில இடங்களில் அந்த அரங்கும் ஒன்று. எனவே விஸ்கான்சின் விதியை மூன்று கேள்விகளால் அளந்து பார்க்க விரும்புகிறேன். அது தடுக்க நினைத்த தீமை உண்மையானதா? தடுக்கத் தேர்ந்தெடுத்த வழி அந்தத் தீமையைத் தொடுகிறதா? விதியைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கை விதியின் நோக்கத்துக்கே துரோகம் செய்யாமல் இருந்ததா?

தீமை உண்மைதான்

முதலில் சங்கத்தின் பக்கம் நிற்போம். விஸ்கான்சின் சங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. நாட்டிலேயே மிகப் பழைய மாநிலப் பள்ளி விளையாட்டு அமைப்பு என்ற பெயர் அதற்கு உண்டு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகள் அதில் உறுப்பினர்கள். இவ்வளவு பேருக்குப் பொறுப்பான ஓர் அமைப்பு, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவதைப் பார்த்துச் சும்மா இருக்கக் கூடாது என்று நினைத்ததில் எந்தத் தவறும் இல்லை.

பள்ளிக் கூடைப்பந்து அரங்கை எண்ணிப் பாருங்கள். தொழில்முறை ஆட்ட மைதானத்தைப் போன்ற தூரம் அங்கே கிடையாது. மரப்படிகளின் கீழ்வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கும் ஆடுகளத்தின் எல்லைக்கோட்டுக்கும் இடையே சில அடிகள்தான். ஃப்ரீ த்ரோ எறியப் பதினைந்து வயதுப் பையன் தனியாக வந்து நிற்கும்போது, அவன் பெயரும் எண்ணும் அவன் முகத்தின் பருவும்கூட அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். அவனுக்குச் சம்பளம் இல்லை. நாளைக் காலை வகுப்புக்குப் போக வேண்டும். இந்த நிலையில் இருக்கும் ஒருவனைப் பார்த்து முந்நூறு பேர் ஒரே குரலில் கத்துவது, கோடிகள் வாங்கும் ஆட்டக்காரரைப் பார்த்துக் கத்துவதற்குச் சமமாகாது. தொலைக்காட்சியில் கேட்டதைத்தானே பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள் என்ற வாதம் இந்த இடத்தில் நிற்காது.

கூட்டத்தின் நடத்தை கெட்டுப்போனதற்குத் திடமான விலையும் இருக்கிறது. அமெரிக்காவில் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்கும் மாணவர்கள் ஏறத்தாழ 80 லட்சம் பேர். அவர்கள் ஆடும் ஆட்டங்களுக்கு நடுவர்கள் வேண்டும். 2018-19க்குப் பின் வந்த சில ஆண்டுகளில் சுமார் 50,000 பள்ளி நடுவர்கள் அந்தப் பணியை விட்டுப் போய்விட்டதாகத் தேசியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது. கொரோனாவும் ஒரு காரணம். ஆனால் வசைகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனோம் என்பதை விலகியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு என்றாலே ஃபுட்பால் என்றிருந்த ஊர்களில், நடுவர் கிடைக்காமல் ஆட்டத்தை வேறு நாளுக்கு மாற்றும் நிலை வந்தது. ஆக, தீமை கற்பனை அல்ல. முதல் கேள்வியில் சங்கம் தேறுகிறது.

ஆனால் அந்தத் தீமையைச் செய்பவர் யார்? இங்கேதான் முதல் விரிசல் தெரிகிறது. 2017இல் அமெரிக்க விளையாட்டு நடுவர்களின் தேசியச் சங்கம் 17,000க்கும் மேற்பட்ட நடுவர்களிடம் கருத்துக் கேட்டது. அதிகத் தொல்லை தருவோர் யார் என்ற கேள்விக்குப் பெற்றோரே முதலிடத்தில் வந்தார்கள். அடுத்து பயிற்சியாளர்கள். பொதுவான ரசிகர்கள் அதற்கும் பின்னால்தான். 2019 ஜனவரியில் கூட்டமைப்பின் தலைமை நிர்வாகி கரிசா நீஹாஃப் எழுதிய கட்டுரை, அம்மா அப்பாக்களையே பெயர் சொல்லி அழைத்து, கொஞ்சம் அடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டது. மாணவர் பகுதிக்கு எட்டு வரிப் பட்டியலை எழுதிய சங்கம், எதிர்ப்பக்கப் படிகளில் நின்று நடுவரின் கண்ணைக் குறை சொல்லும் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு அந்த மின்னஞ்சலில் அதே துல்லியத்தோடு எதையும் எழுதவில்லை. அடக்குவதற்கு எளிதானவர்களை முதலில் அடக்குவது நிர்வாகத்தின் பழைய பழக்கம். பிள்ளைகளுக்கு அது நன்றாகவே புரியும்.

பட்டியலை ஒவ்வொன்றாக எடைபோட்டால்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். அந்த எட்டுக் கோஷங்களும் ஒரே தரத்தவையா?

‘உங்கள் சத்தம் கேட்கவில்லை’, ‘ஸ்கோர்போர்டு’ இரண்டும் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்துக்குச் சொல்வது. அந்தப் பக்கத்திலும் இருநூறு பேர் இருக்கிறார்கள். பதில் சொல்ல அவர்களுக்கும் தொண்டை இருக்கிறது. சம பலம் உள்ளவர்களுக்கு இடையே நடக்கும் சீண்டல் இது. இதை விலக்கினால் எந்தப் பிள்ளையும் எந்தக் காயத்திலிருந்தும் காப்பாற்றப்படுவதில்லை. ‘அப்படிச் செய்யக் கூடாது’ என்பது நடுவர் ஏற்கெனவே சுட்டிய தவறைக் கூட்டம் வழிமொழிவது. பெரும்பாலும் வெறும் தாளம். ‘ஃபண்டமென்டல்ஸ்’, ‘அங்கே ஒரு வலை இருக்கிறது’ இரண்டும் ஆட்டத்தின் தரத்தைப் பற்றிய கிண்டல்கள். அவற்றில் ஆணவம் உண்டு, வெறுப்பு இல்லை.

‘ஏர்பால்’ சற்றுக் கடினமானது, அதில் ஒரு தனி ஆள் இருக்கிறான் என்பதால். இந்தக் கோஷம் 1979இல் ட்யூக் பல்கலைக்கழக அரங்கில், வடக்கு கரோலினா அணிக்கு எதிரான ஆட்டத்தில் பிறந்தது என்று கூடைப்பந்து ரசிகர்கள் பரவலாகச் சொல்வார்கள். பிறகு நாடெங்கும் பரவியது. வடக்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் செரில் ஹீட்டன் இதைக் கவனித்து 1992இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எந்த ஊர் அரங்கானாலும், சுருதி கொடுக்க ஆள் இல்லாமலே, ஆயிரக்கணக்கானோர் ஏறக்குறைய ஒரே இரண்டு சுரங்களில் அந்தச் சொல்லைப் பாடுகிறார்கள் என்பது அவர் கண்டது: மேலே எஃப், கீழே டி. ஒத்திகை பார்க்காத ஒரு கூட்டம் கண நேரத்தில் ஒரே குரலாவதில் உள்ள மகிழ்ச்சியை விதி எழுதுபவர்கள் குறைத்து மதிப்பிடக் கூடாது. மாணவன் வெள்ளிக்கிழமை மாலை அரங்குக்கு வருவதே அந்த மகிழ்ச்சிக்காகத்தான்.

அந்த மகிழ்ச்சிக்காக ஒரு பையன் அவமானப்படலாமா? நியாயமான கேள்வி. என் பதில், அது எத்தனை முறை என்பதைப் பொறுத்தது. பந்து வளையத்தைத் தொடவில்லை. கூட்டம் ஒருமுறை ‘ஏர்பால்’ பாடுகிறது. அது நடந்த செயலைப் பற்றியது. எல்லோரும் பார்த்த உண்மையைப் பற்றியது. அடுத்த பந்தை வலையில் போட்டால் அந்தப் பையனே அதை அழித்துவிடலாம். ஆனால் அதன்பின் அவன் பந்தைத் தொடும் ஒவ்வொரு முறையும், ஆட்டம் முடியும்வரை, அதே கோஷம் எழுந்தால் அங்கே செயல் மறைந்து ஆள் மட்டும் மிஞ்சுகிறான். ஒரு பிள்ளையைத் தனிமைப்படுத்தித் துரத்துவது அது. சொல் ஒன்றுதான்; முதலாவது விளையாட்டு, இரண்டாவது கொடுமை. ‘சல்லடை’ இந்தக் கோட்டுக்கு இன்னும் அருகில் நிற்கிறது. கோல்கீப்பர் தன் இடத்தை விட்டு நகர முடியாதவர். அவர் முதுகுக்குப் பின்னாலேயே எதிர்க்கூட்டம் இருக்கும். ‘சீசன் முடிந்தது’ என்பதில் கோட்டைத் தாண்டிய ஏதோ ஒன்று இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இறுதியாண்டு மாணவர்களில் பெரும்பாலோர் அந்த ஆட்டத்துக்குப் பிறகு வாழ்நாளில் இன்னொரு முறை சீருடை அணியப்போவதில்லை. அந்தத் துக்கத்தை நோக்கிக் கைதட்டுவது ஆட்டத்தைப் பற்றிய கிண்டல் ஆகாது.

எட்டில் இரண்டோ மூன்றோ கவலைக்குரியவை, அவையும் சூழலைப் பொறுத்தவை, மற்றவை தீங்கற்றவை. சங்கம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து இழிவு என்று எழுதியது. எடை தெரியாத தராசை எந்தப் பிள்ளையும் மதிக்காது.

பட்டியலில் சேர முடியாத சொற்கள்

பட்டியல் என்ற வழிமுறையே பொய்த்துப்போனதற்கு அதே குளிர்காலம் சாட்சி தந்தது. 2016 பிப்ரவரியில், அண்டை மாநிலமான அயோவாவில், லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் கணிசமாக வாழும் பெர்ரி என்ற ஊரின் பள்ளி அணியைப் பார்த்து எதிர்ப்பள்ளி மாணவர்கள் ‘ட்ரம்ப், ட்ரம்ப்’ என்று கத்தினார்கள். அதே வாரத்தில் இந்தியானாவில் இரண்டு கத்தோலிக்கப் பள்ளிகள் மோதின. ஒன்றில் லத்தீன் அமெரிக்க மாணவர்கள் மிகுதி. மறுபக்க மாணவர்கள் ட்ரம்பின் பெரிய முகப்படத்தைத் தூக்கிப் பிடித்து, சுவர் கட்டுங்கள் என்று கோஷமிட்டார்கள். மறைமாவட்டம் அதைக் கண்டித்து அறிக்கை விட நேர்ந்தது.

இந்தக் கோஷங்களைச் சொல்லாக மட்டும் எடுத்துப் பாருங்கள். முதலாவது, குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ஒருவரின் பெயர். இரண்டாவது, அவருடைய தேர்தல் வாக்குறுதி. எந்தச் சங்கமும் எந்த விலக்கப் பட்டியலிலும் இவற்றை முன்கூட்டியே எழுதியிருக்க முடியாது. எழுதினால் அது அரசியல் கருத்துக்குத் தடை என்று நீதிமன்றம் போகும். ஆனால் அந்த அரங்கில், அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னபோது அதன் பொருள் ஒன்றே ஒன்றுதான்: நீ இந்த நாட்டுக்காரன் இல்லை. எதிரணியின் ஆட்டத்தைப் பற்றி அதில் ஓர் எழுத்துகூட இல்லை. அவர்களுடைய பெற்றோர், தோல் நிறம், பிறப்பு ஆகியவற்றைப் பற்றியது முழுவதும்.

விஸ்கான்சின் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் ஓர் ஆசிரியர் இந்த அரங்கில் நின்றிருந்தால், ‘ஏர்பால்’ சொன்னவனை நிறுத்தியிருப்பார்; ‘ட்ரம்ப்’ சொன்னவனை என்ன செய்வது என்று தெரியாமல் பட்டியலைப் புரட்டியிருப்பார். சிறிய தீங்கைப் பிடித்துப் பெரிய தீங்கை நழுவவிடும் விதி, தான் எழுதப்பட்ட காரணத்துக்கே பயன்படாது.

சிறியதை விட்டால் பெரியது வரும், அதனால்தான் ‘ஏர்பால்’ கட்டத்திலேயே நிறுத்த வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கூட்டம் சூடேறுவது படிப்படியாகத்தான். ஆனால் அயோவாவிலும் இந்தியானாவிலும் நடந்தது ஆட்டக் கிண்டல் முற்றி வந்ததல்ல; அந்த ஆண்டுத் தேர்தல் மேடைகளிலிருந்து, பெரியவர்களின் வாயிலிருந்து, ஆயத்தமாக அரங்குக்குள் வந்தது. இந்தியானாவில் படத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். இரண்டாவதாக, ஓர் ஆசிரியரின் அதிகாரம் செலவழிந்து தீரக்கூடியது. இருபது நிமிடத்தில் பத்து முறை அற்பங்களுக்காக எழுந்து கையசைத்தவர், பதினோராவது முறை இனவெறிக்காக எழும்போது கூட்டம் அவரைத் திரும்பிப் பார்க்காது. கண்டிப்பு பெரியதுக்கு வேண்டும் என்றால் சிறியதில் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும்.

ட்வீட்டும் தண்டனையும்

மூன்றாவது கேள்வியில்தான் சங்கம் மிக மோசமாகத் தவறியது. அந்த மாணவி அரங்கில் கத்தவில்லை. எந்த எதிரணிப் பிள்ளையையும் புண்படுத்தவில்லை. தன்னை ஆளும் ஓர் அமைப்பின் முடிவைத் தன் சொந்தப் பக்கத்தில் முரட்டுத்தனமாகத் திட்டினார். அதற்கு ஐந்து ஆட்டங்கள் தடை.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் ஒரு தனியார் கழகம்போலத் தோன்றினாலும், அரசுப் பள்ளிகளோடு அது பின்னிப் பிணைந்திருப்பதால் அரசின் அங்கமாகவே நடத்தப்பட வேண்டும் என்று 2001இல் டென்னஸி சங்கம் தொடர்பான பிரென்ட்வுட் அகாடமி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆக, பேச்சுரிமை அதையும் கட்டுப்படுத்தும். அதே வழக்கு மீண்டும் வந்தபோது, 2007இல், விரும்பிச் சங்கத்தில் சேர்பவர்கள் சில வரம்புகளையும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் சாய்ந்தது. பள்ளி நிகழ்ச்சியில் ஆபாசமாகப் பேசிய மாணவனைத் தண்டிக்கப் பள்ளிக்கு உரிமை உண்டு என்பது 1986இலேயே ஃப்ரேசர் வழக்கில் முடிவானது. அதனால் அரங்குக்குள் எழும் கோஷத்தைப் பள்ளி கட்டுப்படுத்தினால் சட்டம் பெரிதாகக் குறுக்கே வராது. அங்கே கேள்வி சட்டத்தைப் பற்றியது அல்ல, விவேகத்தைப் பற்றியது.

அரங்குக்கு வெளியே நிலைமை வேறு. 2021 ஜூனில் மஹனோய் வழக்கில் தீர்ப்பு வந்தது. பென்சில்வேனியாவில் 14 வயது மாணவி ஒருத்தி பள்ளியின் முதன்மை சியர்லீடர் குழுவில் இடம் கிடைக்காத ஆத்திரத்தில், ஒரு சனிக்கிழமை, ஒரு கடையில் இருந்து பள்ளியையும் குழுவையும் வசைபாடி ஸ்னாப்சாட்டில் போட்டாள். பள்ளி அவளை இளநிலை சியர்லீடர் குழுவிலிருந்து ஓராண்டு நீக்கியது. அந்தத் தண்டனை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் சொன்னது. பள்ளிக்கு வெளியே மாணவர் பேசுவதில் தலையிடப் பள்ளிக்குள்ள அதிகாரம் குறைவு. பிடிக்காத கருத்தையும் காப்பாற்றுவது பள்ளியின் நலனுக்கே உகந்தது என்பது பெரும்பான்மையின் நிலை. விஸ்கான்சின் மாணவியின் விவகாரம் இதற்கு ஐந்து ஆண்டுகள் முந்தையது; அவர் வழக்குக்குப் போகவும் இல்லை. எனவே அந்தத் தடை சட்டவிரோதம் என்று நான் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் நீதிமன்றம் பின்னர் வகுத்த வழியில் பார்த்தால் அந்தத் தண்டனை எவ்வளவு பலவீனமான தரையில் நின்றது என்பது தெரிகிறது.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தத் தண்டனை கற்பித்த பாடம். வெற்றி தோல்வியைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள், உனக்கு எதிராகச் சொல்வதைப் பொறுத்துக்கொள் என்று பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் கேட்ட பெரியவர்கள், தங்களை நோக்கி வந்த மூன்று சொற்களைப் பொறுக்கவில்லை. விளையாட்டுப் பண்பு என்ற பெயரில் நிர்வாகத்தின் கௌரவம் காப்பாற்றப்பட்டது. எதிரணியைப் பாதுகாக்க எழுதப்பட்ட விதி, எழுதியவர்களைப் பாதுகாக்கும் விதியாக மாறிய அந்த நிமிடத்தில் அது தன் தகுதியை இழந்தது.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்?

விமர்சிப்பவர் மாற்றும் சொல்ல வேண்டும். தேசியக் கூட்டமைப்பின் கூடைப்பந்து விதிநூல் ஒரு வழி வைத்திருக்கிறது. பார்வையாளர் நடத்தைக்குப் போட்டியை நடத்தும் பள்ளியின் நிர்வாகமே பொறுப்பு. கூட்டம் ஆட்டத்தையே குலைத்தால் நடுவர் அந்தக் கூட்டத்தின் அணிக்கு எதிராக ஃபவுல் அறிவிக்கலாம், ஆனால் அணி அநியாயமாகத் தண்டிக்கப்படாதபடி நிதானம் வேண்டும் என்கிறது. இதன் பலம், கூட்டம் தன் அணிக்கு இழப்பு என்றால் உடனே அடங்கும். பலவீனம், வேர்க்க விறுவிறுக்க ஆடும் ஐந்து பேர், தாங்கள் சொல்லாத சொல்லுக்காக எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கொடுக்க நேர்வது. கடைசி ஆயுதமாக மட்டுமே இது தகும். இந்த விதியில் உண்மையில் மதிக்கத்தக்கது அதன் முதல் பாதி: பொறுப்பை முதலில் பள்ளியின் பெரியவர்கள்மேல் வைத்தது.

மிச்சிகன் ஏரிக்கு அப்பால் இன்னொரு வழி முளைத்திருந்தது. மிச்சிகன் மாநிலச் சங்கம் 2011-12 பருவத்தில், தன் மாணவர் ஆலோசனைக் குழுவின் முயற்சியால், சிறந்த மாணவர் ரசிகர் பகுதிக்கான போட்டி ஒன்றைத் தொடங்கியது. பள்ளிகள் தங்கள் கூட்டத்தின் காணொளியை அனுப்பும்; நல்ல பண்பு, மாணவர் தலைமை, உற்சாகம் போன்றவற்றை வைத்து மதிப்பிடுவார்கள். எது கூடாது என்று பெரியவர்கள் மின்னஞ்சலில் எழுதுவதற்கும், எது சிறந்தது என்று மாணவர்களே வகுப்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. தான் எழுதிய விதியைத் தன் வகுப்புத் தோழன் மீறும்போது ஒரு மாணவத் தலைவன் காட்டும் கோபத்தை எந்தச் சுற்றறிக்கையாலும் உண்டாக்க முடியாது. குறையும் உண்டு. பரிசுக்காக எடுத்த காணொளியில் எல்லோரும் நல்லவர்கள். படம் பிடிக்காத செவ்வாய்க்கிழமை இரவில் அந்தக் கூட்டம் எப்படி இருக்கும் என்பதைப் பரிசு சொல்லாது. நல்ல கூட்டத்தை அது இன்னும் நல்லதாக்கும். கெட்டுப்போன கூட்டத்தை அதனால் மட்டும் திருத்த முடியாது.

பெரியவர்களுக்கான மருந்து நியூ ஜெர்சியின் டெப்ட்ஃபோர்ட் ஊரில் கிடைக்கிறது. அது பள்ளி அளவுக்கும் கீழே, சிறுவர் பேஸ்பால் அமைப்பு. நடுவர்கள் விலகிக்கொண்டே போனதால் 2023இல் ஒரு விதி கொண்டு வந்தார்கள்: நடுவரை வசைபாடிய பெற்றோர் மீண்டும் மைதானத்துக்குள் வர வேண்டும் என்றால், பயிற்சி பெற்று மூன்று ஆட்டங்களுக்குத் தாங்களே நடுவராக நிற்க வேண்டும். தவறுக்கும் தண்டனைக்கும் இவ்வளவு நேரடித் தொடர்புள்ள விதியை நான் அதிகம் பார்த்ததில்லை. அது யாரையும் வெறுமனே அவமானப்படுத்துவதில்லை. எதிரே நிற்பவரின் இடத்தில் நின்று பார்க்கச் சொல்கிறது. விளையாட்டுப் பண்பு என்பதன் உட்பொருளும் அதுதான்.

முடிவு

ஒரு மறுப்பு மிச்சம் இருக்கிறது. யாரை நோக்கி, எத்தனை முறை என்றெல்லாம் பார்த்து முடிவு செய்வது ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு இடம் கொடுக்காதா? கொடுக்கும். சொந்தப் பள்ளிக் கூட்டத்துக்கு ஒரு காதும் வந்த பள்ளிக் கூட்டத்துக்கு ஒரு காதும் வைத்துக் கேட்கும் ஆபத்து நிச்சயம் உண்டு. ஆனால் பட்டியலை வைத்துக்கொண்டாலும் எதைக் கேட்டோம், எதைக் கேட்காததுபோல் இருந்தோம் என்பதை அதே ஆசிரியர்தான் தீர்மானிக்கிறார். பட்டியல் அவருடைய தீர்ப்பை நீக்குவதில்லை, மறைக்கிறது. வெளிப்படையான அளவுகோல் இருந்தால் எதிர்ப்பள்ளி அவரைக் கேள்வி கேட்க முடியும். இரு பள்ளிகளின் ஆசிரியர்களும் மாணவர் பகுதிகளில் உட்கார்ந்திருந்தால் ஒருவரை ஒருவர் சரிபார்க்கவும் முடியும்.

ஆகவே என் தீர்ப்பு இது. விஸ்கான்சின் சங்கத்தின் கவலை நியாயமானது. அது எழுதிய பட்டியல் தவறானது. அதன்பின் வந்த தண்டனை அநீதியானது. ஆட்டத்தைப் பற்றிய கிண்டலை விதிநூலிலிருந்து முற்றிலும் எடுத்துவிட வேண்டும். இனம், மதம், உடல், குடும்பம், ஏழ்மை ஆகியவற்றை நோக்கிய எந்தக் கோஷத்துக்கும், என்ன சொல்லில் வந்தாலும், முதல் முறையே வெளியேற்றம் என்று இருக்க வேண்டும். ஒரு தனி ஆட்டக்காரரை விடாமல் துரத்துவதற்கும் நடுவரைத் தனிப்பட வசைபாடுவதற்கும் ஓர் எச்சரிக்கை, அடுத்தது வெளியேற்றம். விதியின் வாசகத்தை மாணவர் தலைவர்களே இரு பள்ளிகளும் கூடி எழுத வேண்டும். அதே விதி, அதே கண்டிப்போடு, பெற்றோர் உட்காரும் பக்கத்தில் முதலில் அமலாக வேண்டும். விதியை விமர்சிக்கும் மாணவருக்கு, எவ்வளவு முரட்டுச் சொல்லில் விமர்சித்தாலும், ஆட்டத் தடை கூடாது; அழைத்துப் பேசலாம்.

இந்த விதி பக்க அளவில் சிறியது, செய்ய வேண்டிய வேலையில் பெரியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் ஆசிரியர் மாணவர்களோடு அந்த மரப்படியில் உட்கார வேண்டும், அவர்கள் பெயர் தெரிந்திருக்க வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். மின்னஞ்சல் அனுப்புவது இதைவிட எளிது. ஆனால் பிள்ளைகள் பண்பைக் கற்றுக்கொள்வது பக்கத்தில் இருக்கும் பெரியவரிடமிருந்துதான். அந்தப் பெரியவரை அனுப்ப முடியாத பள்ளிக்குப் பட்டியல் அனுப்பும் தகுதியும் இல்லை.